அந்த கேக்கை அவன் தின்னவில்லை

1

நான் இங்கிலாந்துக்கு வந்து இந்த செப்டம்பரோடு எட்டு வருடம் முடிகிறது. காஞ்சிபுரத்தில் என்னோடு நர்சிங் படித்த சிநேகிதி ஒருத்தி இப்போது அதே பள்ளியில் பாடம் நடத்துகிறாள். “உன் வெளிநாட்டு அனுபவத்த எழுதி அனுப்புமா, நம்ம பள்ளி ஆண்டு மலர்ல போடலாம். நம்ம பொண்ணுங்க நெறைய பேர் கெளம்பிக்கினு இருக்குதுங்க” என்று அவள் கேட்டு நாலு மாதம் ஆகிறது. பனி, கம்பளிக் கோட்டு, வேகவைத்த உருளைக்கிழங்கு என்று இரண்டு முறை எழுத ஆரம்பித்தேன். எனக்கே கொட்டாவி வந்தது. போன சனிக்கிழமை எங்கள் வீட்டில் நடந்ததை எழுதினால் போதும் என்று இப்போது தோன்றுகிறது.

அன்று மத்தியானம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். என் மகள் சௌமியா, பதினொரு வயது, சோபாவில் கால் நீட்டிக்கொண்டு டி.வி. பார்த்தாள். பழைய நகைச்சுவைத் தொடர்களைத் திரும்பத் திரும்பப் போடுகிற சேனல் ஒன்று இருக்கிறது. அதிலிருந்து ஒரு தொடரைப் பதிவு செய்து வைத்திருந்தாள். ஆரம்ப இசையைக் கேட்டதுமே எனக்கு என்ன தொடர் என்று தெரிந்துவிட்டது. ஒரே வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கும் மூன்று பேரின் கதை. ஒருத்தி வங்கியில் வேலை செய்கிறவள். ஒருத்தி பல் மருத்துவம் படிக்கிறவள். மூன்றாமவன் பாட்டுப் பாடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு பகல் முழுக்கத் தூங்குகிறவன். ஒவ்வொரு வாரமும் அவர்களுக்குள் ஒரு குழப்பம் வரும், அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

அன்று ஓடிய கதையில் நான்காவதாக ஒருவன் குடிவருகிறான். வெளிநாட்டு மாணவன். எந்த நாடு என்று சொல்ல மாட்டார்கள். கையில் பெட்டியோடு வாசலில் நின்று, பார்த்தவர்களுக்கெல்லாம் கும்பிடு மாதிரி ஒன்று போடுவான்.

நான் கையில் இருந்த சட்டையோடு அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டேன்.

“இது கேக் கதைதானே?” என்று கேட்டேன்.

சௌமியா திரும்பிப் பார்த்தாள். எங்கள் வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். கடையில் என் ஆங்கிலத்தைத் திருத்துவாள், அதுவும் கவுண்டரில் நிற்கும் பெண்ணுக்குக் கேட்கும்படி. தான் பார்க்கும் தொடரை அம்மா பார்த்திருப்பாள் என்று அவள் நினைத்ததே இல்லை.

“நீ இதைப் பாத்திருக்கியா?” என்று ஆங்கிலத்தில்தான் கேட்டாள்.

“பாதி பாத்தேன். மீதி பாக்கறதுக்குள்ள வீட்டை விட்டு ஓடிட்டேன்.”

“எதுக்கு?”

“அந்த ஜோக்குனாலதான்.”

அவள் ரிமோட்டை எடுத்துத் திரையை நிறுத்தினாள். நான் பேசுவதற்காக என் மகள் டி.வி.யை நிறுத்தியது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

2

அவளிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

எங்கள் ஊர் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் முசரவாக்கம். என் வீட்டுக்காரர் செவிலிமேட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். நான் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் ஏழு வருடம் வேலை செய்தேன். பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருவேன். தறிக்காரர்கள் முதுகு வலியோடு வருவார்கள், கல்யாணப் புடவை எடுக்க வெளியூரிலிருந்து வந்தவர்கள் வெயிலில் மயங்கி வருவார்கள். தெலுங்கு பேசுகிறவர்களுக்கு அரைகுறைத் தெலுங்கில் ஊசி போட்டுவிடுவேன். பேச்சு எனக்கு ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை.

சௌமியாவுக்கு மூன்று வயதாகும்போது வெளிநாட்டு வாய்ப்பு வந்தது. அவளை அவள் அப்பாவிடமும் என் நாத்தனார் வள்ளியிடமும் விட்டுவிட்டு வந்தேன். நிபந்தனை இதுதான்: முதல் ஆறு மாதம் ஒரு மூத்த நர்ஸின் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும். அவர் ‘இந்தப் பெண் தேறிவிட்டாள்’ என்று கையெழுத்துப் போட்டால்தான் நர்ஸாகப் பதிவாகும். பதிவானால்தான் விசா நீளும். விசா நீண்டால்தான் குடும்பத்தைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். கையெழுத்து இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

வட இங்கிலாந்தில் ஒரு மேட்டு ஊர். ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிட நடையில் ஒரு வீட்டில் நாங்கள் மூன்று நர்ஸ்கள் தங்கியிருந்தோம். கோட்டயத்துக்காரி லிஸ்ஸி என்னோடு ஒரே விமானத்தில் வந்தவள். பிலிப்பைன்ஸ்காரி மாரிட்டெஸ் வந்து இரண்டு வருடம் ஆகிவிட்டதால் எங்களுக்கு அவள்தான் எல்லாமே. எந்தப் பஸ், எந்த அலுவலகம், எந்தப் படிவத்தில் கறுப்பு மையால் எழுத வேண்டும், எல்லாம் அவள் சொல்வாள். வெந்நீர் யாருக்கு எத்தனை மணிக்கு என்று சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தாள். லிஸ்ஸி மீன் வறுத்தால் நான் ஜன்னலைத் திறப்பேன், நான் ரசம் வைத்தால் மாரிட்டெஸ் தும்முவாள். வியாழக்கிழமை சாயங்காலம் மட்டும் மூன்று பேரும் ஒரே போர்வையைக் காலில் போட்டுக்கொண்டு அந்தத் தொடரைப் பார்ப்போம். நம்மைப் போலவே வீட்டைப் பங்கு போட்டுக்கொண்டு சண்டை போடுகிறவர்கள் என்பதால் பிடித்திருந்தது. வசனம் எனக்குப் பாதிதான் புரியும். டி.வி.யில் எல்லோரும் சிரிக்கும் சத்தம் கேட்டால் நானும் சிரித்துவிடுவேன்.

ஆஸ்பத்திரியிலும் கிட்டத்தட்ட அதையேதான் செய்துகொண்டிருந்தேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

3

என்னை மேற்பார்த்தவர் ஹெலன். ஐம்பதை நெருங்கிய பெண்மணி. வேகமாக நடப்பார், வேகமாகப் பேசுவார். கடுமையானவர் இல்லை. ஆனால் நின்று பேச நேரமில்லாதவர். அவர் முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் வார்டில் ஆர்தர் என்று ஒரு நோயாளி இருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். காலில் ஆறாத புண், கூடவே சர்க்கரை. என்னை ‘லவ்’ என்று கூப்பிடுவார். முதல் நாள் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஊரில் பால்காரரிலிருந்து பாதிரியார் வரை எல்லோரும் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று மாரிட்டெஸ் சொன்ன பிறகுதான் நிம்மதியானேன். வீட்டுக்காரரிடம் இதைப் போனில் சொல்லவில்லை.

அந்த வியாழக்கிழமை எனக்கு ஆறு மணிக்கு வேலை முடிகிறது. ஐந்தரைக்கு இரவு உணவுத் தட்டு வந்தது. ஆர்தர் இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தார். தட்டைத் தொடவே இல்லை. நான் அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன். தட்டுகளை எடுக்கும் பெண் வந்து தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, ஹெலன் இரண்டு வேலைக்கு நடுவில் தலையை மட்டும் நீட்டிக் கேட்டார்:

“ஆர்தர் சாப்பிடவில்லை, இல்லையா?”

“யெஸ்” என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நான் வீட்டுக்குப் போனேன்.

ஏழரைக்குத் தொடர் ஆரம்பித்தது. நான் நைட்டியில் இருந்தேன். புதிதாகக் குடிவந்த வெளிநாட்டு மாணவன் சமையலறையில் நிற்கிறான். வங்கிக்காரி குளிர்பெட்டியைத் திறக்கிறாள். அவள் பிறந்த நாள் கேக்கைக் காணவில்லை. அவனிடம் கேட்கிறாள்:

“என் கேக்கை நீ தின்னவில்லை, இல்லையா?”

“யெஸ்” என்கிறான் அவன், பணிவாக.

“தின்றுவிட்டாயா?”

“நோ.”

“அப்படியானால் தின்னவில்லை?”

“யெஸ்.”

டி.வி.யில் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மாரிட்டெஸ் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. லிஸ்ஸியும் சிரிக்கவில்லை.

“அவன் சரியாத்தானே சொல்றான், எதுக்குச் சிரிக்கிறாங்க?” என்று லிஸ்ஸியிடம் கேட்டேன். அவளும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். மாரிட்டெஸிடம் ஆங்கிலத்தில் கேட்டோம்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினாள். “நம்ம மூணு பேர் ஊர்லயும் ஒரே பழக்கம்தான். ‘சாப்பிடலையா’ன்னு கேட்டா, கேட்டது சரின்னா யெஸ்னு சொல்லுவோம். இவங்க அப்படி இல்லை. கேள்வி எப்படி இருந்தாலும் சாப்பிட்டிருந்தா யெஸ், சாப்பிடலைன்னா நோ. நான் வந்த புதுசுல இதுக்காக எத்தனை திட்டு வாங்கினேன் தெரியுமா?”

நர்சிங் ஹோமில் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது, “நாலாம் நம்பர் பெட் இன்னும் சாப்பிடலையாம்மா?” என்பார். “ஆமா டாக்டர்” என்போம். ஏழு வருடம் அப்படித்தான் சொன்னேன். ஒரு நாளும் தப்பானதில்லை.

மாரிட்டெஸ் சொன்னது உள்ளே இறங்க ஒரு நிமிடம் பிடித்தது. ஆர்தர் சாப்பிடவில்லை, இல்லையா. யெஸ். ஹெலன் தலையை ஆட்டிவிட்டுப் போனார். சாப்பிட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறார். சாப்பிட்டவருக்குப் போட வேண்டிய இன்சுலினைப் போட்டிருப்பார். வெறும் வயிற்றில் இருக்கிற மனுஷனுக்கு.

4

எங்கள் வீட்டுப் போனில் வெளியே பேச முடியாது. உள்ளே வரும் அழைப்பு மட்டும்தான். நான் நைட்டிக்கு மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு, வீட்டுச் செருப்போடு வெளியே வந்துவிட்டேன். லிஸ்ஸி பின்னாலேயே ஓடி வந்தாள். ஆஸ்பத்திரி மேட்டின் மேல் இருக்கிறது. எல்லா ஊரிலும் பத்து நிமிடம் பத்து நிமிடம்தான். அன்று மட்டும் அந்தச் சாலை நீண்டுகொண்டே போனது. “ஒருவேளை அவங்களே தட்டப் பாத்திருப்பாங்க, ஒருவேளை போட்டிருக்க மாட்டாங்க” என்று லிஸ்ஸி மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். தட்டு போய்விட்டது என்று எனக்குத் தெரியும்.

வார்டில் ஹெலன் வேறொரு நோயாளியிடம் இருந்தார். நான் யாரையும் கேட்காமல் நேராக ஆர்தர் கட்டிலுக்குப் போனேன். திரையை இழுத்து விட்டிருந்தார்கள். பார்த்தால் தூங்குகிற மாதிரி இருந்தது. நெற்றியில் கை வைத்தேன். ஈரத் துணியைத் தொட்ட மாதிரி குளிர்ந்திருந்தது. தலையணை நனைந்திருந்தது. உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன். ஏதோ ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ஓட்டிய பஸ் நிற்கிற இடங்கள் அவை என்று பிறகு சொன்னார்கள்.

“ஹெலன்” என்று கூப்பிட்டேன். அதுவரை அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வந்ததில்லை. அவர் வந்து என் நைட்டியைப் பார்த்தார், பிறகு ஆர்தரைப் பார்த்தார். விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தோம். சர்க்கரை பாதாளத்துக்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் பசையை நான் கன்னத்தின் உட்புறம் தடவினேன். ஹெலன் நரம்பில் ஏற்றுவதற்குத் தயார் செய்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். இரண்டு பேர் கையும் ஒன்றுக்கொன்று இடிக்காமல் வேலை செய்தது. அந்தப் பத்து நிமிடமும் நான் இங்கிலாந்தில் இருக்கிறேன் என்பதே எனக்கு மறந்திருந்தது.

ஆர்தர் கண்ணைத் திறந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏன் லவ், படுக்கப் போற துணியோட வந்திருக்கே?” என்றார்.

பிறகு ஏதாவது சாப்பிடக் கிடைக்குமா என்று கேட்டார். லிஸ்ஸி திரைக்கு வெளியே நின்று அழுதுகொண்டிருந்தாள்.

5

மறுநாள் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. ஏதாவது தவறு நடந்தால் அதில் சம்பந்தப்பட்டவர்கள் என்ன நடந்தது என்று தனித்தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கு ஒரு பக்கம் கொடுத்தார்கள். அதில் ஒரு பெரிய வெற்றுக் கட்டம்.

லிஸ்ஸி என்னை வீட்டு மாடிப்படியில் உட்காரவைத்துச் சொன்னாள்: “நீ அந்த ‘யெஸ்’ஸ எழுதாதே. போகும்போது அவர் சாப்பிடலைன்னு ஞாபகம் வந்தது, சந்தேகத்துல திரும்பி வந்தேன்னு எழுது. அதுவும் பொய் இல்லையே. ஹெலனுக்கு உன்கிட்ட கேட்டதே ஞாபகம் இருக்கோ இல்லையோ. நீ எழுதிக் கொடுத்தா, இங்கிலீஷ் தெரியாத நர்ஸ்னு உன்னத் திருப்பி அனுப்பிடுவாங்க.”

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆறு மாதத்தில் நாலு மாதம் முடிந்திருந்தது. நான் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு நாள் வைத்திருந்தேன். சௌமியாவின் புகைப்படம் என் கட்டிலுக்கு மேலே இருந்தது. அதைப் பார்த்தால் லிஸ்ஸி சொன்னபடி எழுதத் தோன்றும். ஆர்தர் ஞாபகம் வந்தால் கை வராது. அந்த வார்டில் வெளிநாட்டு நர்ஸ்கள் நாங்கள் ஆறு பேர் இருந்தோம். ஆறு பேரும் அதே மாதிரிதான் யெஸ் சொல்லிக்கொண்டிருந்தோம். நான் எழுதாவிட்டால் இன்னொரு சாயங்காலம் இன்னொருத்தி சொல்வாள். அவளுக்கு வியாழக்கிழமை தொடர் பார்க்கும் பழக்கம் இருக்கும் என்று என்ன நிச்சயம்?

எழுதினேன். கேட்ட கேள்வி இது, நான் சொன்ன பதில் இது, என் மொழியில் இதற்கு அர்த்தம் இது. மாரிட்டெஸ் எழுத்துப்பிழை மட்டும் திருத்தினாள். தொடர் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்பதையும் எழுதிவிட்டேன். அதை எடுத்துவிடு என்றாள். எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி அதிகாரியைப் பார்க்க ஒன்பது நாள் கழித்து வரச் சொன்னார்கள். நடுவில் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு தோறும் ஆஸ்பத்திரியில் இருந்த பொதுப் போனிலிருந்து செவிலிமேட்டில் கடைக்குப் பக்கத்து டெலிபோன் பூத்துக்கு நான் பேசுவேன். என் வீட்டுக்காரர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்.

“இன்னா வாணி, கொரல் ஒரு மாதிரி இருக்குது. அங்க ஒண்ணும் பிரச்சனை இல்லியே?” என்றார்.

நான் வாயைத் திறந்தேன். ஆமா என்பதா, இல்லை என்பதா? என் சொந்த மொழியில், என் சொந்தப் புருஷனுக்குப் பதில் சொல்ல எனக்குக் குழம்பிவிட்டது.

“இன்னா பேச்சையே காணோம்?”

“சளி புடிச்சிருக்குதுங்க” என்றேன்.

“சுடுதண்ணி குடி. பாப்பா இங்க போன புடுங்கிக்கினு இருக்குது பாரு, பேசு.”

சௌமியா பேசவில்லை. போனில் மூச்சு விட்டாள். அவளுக்கு அப்போது அதுதான் பேச்சு. முழுசாக இரண்டு நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

6

அதிகாரியின் அறையில் மூன்று நாற்காலி. நான் என்னிடமிருந்த நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். திருப்பி அனுப்பினாலும் மரியாதையாகப் போகலாம் என்று நினைத்தேன். ஹெலன் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். அவர் எழுதியது மேஜைமேல் இருந்தது. அதிகாரி அதை வாசித்துக் காட்டினார்.

‘இரண்டு விதமாகப் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வியை, நடந்துகொண்டே கேட்டேன். நின்று கேட்கவில்லை. தட்டையும் பார்க்கவில்லை, நோயாளியையும் கேட்கவில்லை. ஊசி போட்டது என் கை. ஓய்வு நேரத்தில் ஓடி வந்து அவரைக் காப்பாற்றியது இந்த நர்ஸ்.’

எனக்குப் புரிந்ததா என்று அதிகாரி கேட்டார். “யெஸ்” என்றேன். உடனே மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் சிரித்தது ஹெலன்தான்.

என் பயிற்சியை ஒரு மாதம் நீட்டினார்கள். அவ்வளவுதான். நீட்டியதை நான் தண்டனையாக நினைக்கவில்லை. எனக்கே அது தேவையாக இருந்தது. வெளியே தாழ்வாரத்தில் ஹெலன் என் கையைப் பிடித்துக்கொண்டு, நேராக, “நான் கேட்ட விதம் தப்பு. மன்னித்துக்கொள்” என்றார். பெரியவர்கள் மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. பதிலுக்கு நானும் மன்னிப்புக் கேட்டேன். அதன் பிறகு எங்கள் வார்டில் யாரும் ‘இல்லையா’ என்று முடித்துக் கேட்கக் கூடாது, ‘சாப்பிட்டாரா’ என்றுதான் கேட்க வேண்டும், கேட்டவர் பதிலைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று ஒரு வழக்கம் வந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

பதிவுக் கடிதம் வந்த ஞாயிறுதான் எல்லாவற்றையும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பூத்தில் பின்னால் ஆள் நிற்கிறார்கள் என்பதையே மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், “நைட்டியோடவா ரோட்ல ஓடினே?” என்று மட்டும் கேட்டார்.

இரண்டு வருடம் கழித்து அவரும் சௌமியாவும் வந்தார்கள். அவர் இங்கே ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். இப்போது அங்கேயே மோட்டார் பழுது பார்க்கிற பிரிவில் இருக்கிறார்.

7

இவ்வளவையும் சௌமியா குறுக்கே பேசாமல் கேட்டாள். துணி மடிக்காமலே கிடந்தது. பிறகு ரிமோட்டை அழுத்தினாள். இத்தனை வருடம் கழித்து மீதிக் கதையை முதல் முறையாகப் பார்த்தேன்.

வெளிநாட்டு மாணவனை அரை மணி நேரமும் திருடன் என்றே நினைக்கிறார்கள். கடைசியில் தெரிகிறது, கேக்கைத் தின்றவன் அந்தப் பாடகன்தான். தூக்கக் கலக்கத்தில் எழுந்து தின்றுவிட்டு, தின்றதே தெரியாமல் படுத்துவிட்டான். எல்லோரும் சிரிக்கிறார்கள். மாணவனும் சிரிக்கிறான். படம் நின்று பெயர்கள் ஓடுகின்றன.

நான் சிரித்தேன். இந்த முறை புரிந்தே சிரித்தேன். சௌமியா சிரிக்கவில்லை.

“யாரும் அவன்கிட்ட சாரி சொல்லலை” என்றாள்.

“காமெடிதானேம்மா.”

“அதனால என்ன? உன்கிட்ட ஹெலன் சொன்னாங்க இல்ல.”

அவள் தமிழில் பேசிக்கொண்டிருந்தாள் என்பதை அப்போதுதான் கவனித்தேன். கவனித்ததைக் காட்டிக்கொண்டால் நிறுத்திவிடுவாள் என்று சட்டையை மடிக்க ஆரம்பித்தேன்.

அவள் சொன்னாள்: “எனக்கும் அப்படி ஆச்சு.”

“எங்க?”

“ஸ்கூல்ல. வந்த புதுசுல. இடைவேளைல தூறல் போட்டா, உள்ளேயே இருக்கிறவங்க இருக்கலாம். ‘உனக்கு வெளியே போக வேண்டாம், இல்லையா’ன்னு டீச்சர் கேப்பாங்க. நான் யெஸ்னு சொல்வேன். வேண்டாம்னு. அவங்க சிரிச்சுக்கிட்டே கதவைத் திறந்து விட்டுடுவாங்க.”

அவள் ஆறு வயதில் இந்தப் பள்ளியில் சேர்ந்த முதல் குளிர்காலம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தினமும் கோட்டு நனைந்து வரும். இருமல். கேட்டால் பேச மாட்டாள். நான் பள்ளிக்கூடம் போய் டீச்சரைக் கேட்டேன். ‘உங்கள் பெண்ணுக்கு வெளியே விளையாட ரொம்பப் பிடிக்கும்’ என்றார் அந்த அம்மாள். என்னை ஏமாற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். அந்த மாதம் என் வீட்டுக்காரர் குழந்தையை ஊருக்கு வள்ளியிடமே அனுப்பிவிடலாம் என்று சொல்லி, டிக்கெட் கூட விசாரித்தார். நாங்கள் பெரிதாகச் சண்டை போட்டுக்கொண்டது அப்போதுதான். கடைசியில் பொங்கல் வரை பார்க்கலாம் என்று விட்டோம். அதற்குள் அவள் சரியாகிவிட்டாள். ஏன் சரியானாள் என்று எங்களுக்குத் தெரியவே இல்லை.

“எத்தனை நாள் அப்படி மழையில நின்னே?”

“ரெண்டு மாசம் இருக்கும். அப்புறம் நோன்னு சொல்லணும்னு கண்டுபிடிச்சிட்டேன்.”

“என்கிட்ட ஏண்டி சொல்லலை?”

தோளைக் குலுக்கினாள். “வெளியில காஷா இருந்தாளே.”

காஷா அடுத்த தெருப் பெண். போலந்திலிருந்து வந்த குடும்பம். வாரத்தில் பாதி நாள் எங்கள் வீட்டில் சாம்பார் சாதம் சாப்பிடுகிறவள். அப்பளத்துக்கு இவளோடு சண்டை போடுகிறவள். அவளுக்கு அந்த வருடம் ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாதாம். எதைக் கேட்டாலும் யெஸ் என்று சொல்லிவிட்டு வெளியே நிற்பாளாம்.

“எனக்கு நோன்னு சொல்லத் தெரிஞ்ச அப்புறம், அவ தனியா நிப்பாளேன்னு நான் யெஸ்னேதாம்மா சொன்னேன்” என்றாள் சௌமியா.

சாயங்காலம் அவள் அப்பா வேலை முடிந்து வந்தார். டீயைக் கையில் கொடுத்துவிட்டு, சௌமியா சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். டீயைக் கீழே வைத்தார். பிறகு எனக்கு இத்தனை வருடம் தெரியாத ஒன்றைச் சொன்னார். அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் வேலைக்குப் போகும் வழியில் பள்ளிக்கூட வேலியோரம் நின்று பார்த்திருக்கிறார். குழந்தை மழையில் சுவரோரம் நின்றிருக்கிறாள். பஸ் வந்துவிட்டதால் கிளம்பிப் போய்விட்டார். அன்று மத்தியானம்தான் டிக்கெட் விசாரித்திருக்கிறார். என்னிடம் சொன்னால் நான் வேலையையே விட்டுவிடுவேன் என்று பயந்து சொல்லவில்லை.

“அஞ்சு வருசமா அது கண்ணுலயே நின்னுக்கினு இருக்குது வாணி” என்றார்.

உள்ளே சௌமியாவும், சாப்பிட வந்திருந்த காஷாவும் எதற்கோ சிரிக்கும் சத்தம் கேட்டது. அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டார்.

“அங்க ரெண்டு புள்ளைங்க நின்னுக்கினு இருந்திருக்குதுங்க. நான் ஒண்ணத்தான் பாத்திருக்கேன்.”